கிழக்குப் பக்கத்துக்குப் பொருந்தாத சட்டம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. பிரிவு 16: பிள்ளைகளிடம் உள்ள கற்றல் குறைபாட்டைப் பள்ளி கூடிய சீக்கிரம் கண்டறிந்து, அதற்கேற்ற முறையில் கற்பிக்க வேண்டும். பிரிவு 17: தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள், மொழிப்பாடத்தில் விலக்கு ஆகியவற்றைத் தர வேண்டும். இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன். பிள்ளை ஊரின் எந்தத் திசையில் குடியிருக்க வேண்டும் என்று எங்கும் போடவில்லை.

திசையைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை, திருத்தணியில் ஓர் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தேன். வருவாய்த் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, தாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நேரில் போய் நின்றால் மட்டும் போதாது, விரல் ரேகையும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். என் விரல் அன்று ஒப்புக்கொள்ளவில்லை. போதாததற்கு சர்வரும் படுத்துவிட்டது.

பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா, பள்ளிச் சீருடையில் ஒரு பெண். வருமானச் சான்றிதழ் வாங்க வந்திருந்தார்கள். அந்த அம்மா ஒரு தாளை என்னிடம் நீட்டி, "மேடம், பேரு எல்லாம் சரியா இருக்குதான்னு கொஞ்சம் பாருங்க" என்றார். "பொண்ணு பத்தாவது படிக்குதுன்னு சொன்னீங்களே, அதையே பார்க்கச் சொல்லலாமே" என்றேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா மட்டும் தயங்கவே இல்லை. "அதுக்குப் படிக்க வராது மேடம். ஆனா நீங்க படிச்சுக் காட்டுங்க, ஒரு வாட்டி காதுல வாங்கிச்சின்னா அப்படியே சொல்லும்."

சர்வர் வரும்வரை எனக்கும் வேறு வேலை இல்லை. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக் காட்டினேன். எந்தச் சான்றிதழுக்கு எந்தெந்த ஆவணம் வேண்டும் என்ற நீளமான அறிவிப்பு. அவள் வரிசை பிசகாமல் திருப்பிச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்டாள். "முகவரிக்கு ரேஷன் கார்டு இருந்தா போதும்னு மேல போட்டுக்கிறாங்க. கீழ ஆதார் கட்டாயம்னு போட்டுக்கிறாங்க. அப்போ மேல போட்டது எதுக்குங்க?" எங்கள் அலுவலகத்தில் ஓர் உதவியாளர் இப்படிக் கேட்டிருந்தால் அடுத்த வாரமே அவருக்கு இடமாற்றல் உத்தரவு வந்திருக்கும்.

பிறகு அம்மா எல்லாவற்றையும் சொன்னார். கே.ஜி.கண்டிகைப் பக்கம் குடியிருக்கிறார்கள், ஊருக்குக் கிழக்கே இருக்கும் காலனியில். அவரும் கணவரும் கூலிக்கு விவசாய வேலை செய்கிறார்கள். பெண் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கிறாள். படிக்கிறாள் என்றால், வகுப்புக்குப் போகிறாள். மற்றவர்கள் புத்தகத்தை எடுத்து வாசிக்கும் நேரத்தில் இவளை வராந்தாவைப் பெருக்க அனுப்பிவிடுவார்கள். ஆசிரியர்களுக்கு டீ வாங்கி வருவதும் இவள்தான். "படிக்கத்தான் வரல, பெருக்கவாவது வரட்டும்" என்று ஓர் ஆசிரியை சொன்னாராம். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "ஏ கறுப்பி" என்று கூப்பிடுகிறவரும் அவரேதானாம்.

"பெயிலாயிட்டா இன்னா பண்றதுன்னே தெர்ல மேடம்" என்றார் அம்மா. "பள்ளிப்பட்டுல இவங்க பாவா, எங்க அண்ணன் மவன், பவர்லூம் ஓட்டுறான். அங்க அனுப்பிட்டு, வயசு வந்ததும் அவனுக்கே கட்டிக் குடுத்துடுன்னு வீட்ல எல்லாம் சொல்றாங்க."

அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்தாள். "பாவாவுக்கும்தான் படிப்பு வரல. அவன யாராச்சும் பெருக்கச் சொன்னாங்களா?"

எனக்கு இதில் ஒரு விஷயம் உறைத்தது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பையனும் அதே பள்ளியில், அதே பத்தாம் வகுப்பில் படித்தான். மலையடிவாரத்தில் பெரிய கடை வைத்திருக்கும் குடும்பம். அவனும் இப்படித்தான். கேட்டால் எல்லாம் சொல்வான், எழுத்தைக் கண்டால் தடுமாறுவான். அவன் ஏழாம் வகுப்பில் இருந்தபோதே பெற்றோரை அழைத்து, "இது டிஸ்லெக்சியாவா இருக்கலாம், பயப்படாதீங்க" என்று சொல்லி, எங்கே பரிசோதனை செய்ய வேண்டும், என்ன சான்றிதழ் வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதிக் கொடுத்தவர் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர். அந்தப் பையனுக்குக் கிடைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவனுக்கு உரியதுதான் கிடைத்தது. ஆக, தலைமையாசிரியருக்கு விதி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாகவே தெரியும்.

அடுத்த வாரம் அம்மாவோடு நானும் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அம்மாவுக்குப் போடச் சொல்லவில்லை. நானே ஒன்றை இழுத்துப் போட்டேன்.

"நீங்க ஆபீசரா இருந்தவங்க, உங்களுக்குத் தெரியாதது இல்ல" என்று ஆரம்பித்தார். "டிஸ்லெக்சியா எல்லாம் வேற மேடம். இந்தப் பிள்ளைங்களுக்கு வீட்ல படிக்கிற சூழ்நிலையே கிடையாது. அதுல பாதி நேரம் தெலுங்கு வேற பேசிக்கினு இருப்பாங்க. கிழக்குப் பக்கத்துப் பிள்ளைங்கன்னாலே இப்படித்தான்."

"கிழக்குப் பக்கம்னா?"

"அதான் மேடம்... உங்களுக்குத் தெரியாதா?"

"சூரியன் உதிக்கிற பக்கம்னு தெரியும். அதுக்கு மேல நீங்கதான் சொல்லணும்."

அவர் சொல்லவில்லை. காலனி என்ற சொல்லைக்கூட வாயால் சொல்லாத நாகரிகம் நம் ஊர்களில் உண்டு. சொல்லைத் தொட மாட்டார்கள், அந்தச் சொல்லை வைத்து ஆளை எடைபோட்டு முடித்திருப்பார்கள். இத்தனைக்கும் தெலுங்கு பேசாத வீடு எங்கள் பக்கத்தில் எத்தனை இருக்கும்? அந்தக் கடைக்காரர் வீட்டிலும் பேச்சு தெலுங்குதான்.

"சான்றிதழ் வாங்கிக்கினு வரச் சொல்லுங்க, பார்க்கலாம்" என்று முடித்தார். வாங்க மாட்டார்கள் என்ற தைரியம்.

வாங்கினோம். திருவள்ளூருக்கு முதல்முறை போனபோது உளவியலாளர் வரவில்லை. அடுத்த முறை அவர் வந்திருந்தார், ஆதாரில் செல்பேசி எண் இணைக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் கூலியை விட்டுவிட்டு, காலையிலேயே பஸ் ஏறி வந்தார். கடைசியில் பரிசோதனை நடந்தது. இளவயது உளவியலாளர் ஒரு கதையைப் படித்துக் காட்டிக் கேள்வி கேட்டார். அத்தனைக்கும் பதில் வந்தது. அதே கதையை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். இரண்டு வரி தாண்டுவதற்குள் அவள் நெற்றியில் வியர்வை.

"பத்தாவது வரைக்கும் வந்திருக்கா. ஸ்கூல்ல ஒருத்தர்கூடவா கவனிக்கல?" என்று உளவியலாளர் கேட்டார்.

"கவனிச்சாங்கம்மா" என்றார் அம்மா. "வெளிய நிக்க வெச்சாங்க."

சான்றிதழ் வந்தது. தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பத்தைத் தலைமையாசிரியர்தான் மேலே அனுப்ப வேண்டும். அவரிடம் கொடுத்தோம். "வெச்சிட்டுப் போங்க" என்றார். அடுத்த வாரம் கேட்டால், "கிளார்க் லீவு." அதற்கடுத்த வாரம், "அரையாண்டுத் தேர்வு முடியட்டும்." கடைக்காரர் வீட்டுப் பையனின் விண்ணப்பம் அதே கிளார்க் கையால், அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே போய், அனுமதியும் வந்துவிட்டிருந்தது.

எனவே அம்மாவின் பெயரில், என் வீட்டு முகவரி போட்டு, மேலதிகாரிக்கு ஒரு மனு எழுதினேன். பிரிவுகள், தேதிகள், சான்றிதழ் நகல் எல்லாம் வைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில். நம் அலுவலகங்களில் ஒரு நெடுநாள் வழக்கம் உண்டு. யார் மீது புகாரோ அவரிடமே அதை அனுப்பி அறிக்கை கேட்பார்கள். எனக்கு அது தெரியாதா என்ன? தெரிந்தும், பிள்ளையின் படிப்பு ஆயிற்றே, மேலே யாராவது ஒருவர் முழுதாகப் படித்துப் பார்ப்பார் என்று நம்பினேன். மனு ஒவ்வொரு மேசையாக இறங்கி, ஒவ்வொரு மேசையிலும் 'தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் தலைமையாசிரியரின் மேசைக்கே வந்து சேர்ந்தது. அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிய எவரிடமும் கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழை யாரும் கேட்கவில்லை.

அது வந்து சேர்ந்த நாள் மாலை பள்ளி விட்டதும் அந்தப் பெண் நேராக என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"எச்.எம். ரூமுக்குக் கூப்ட்டாங்க மேடம். எல்லா சாரும் டீச்சரும் இருந்தாங்க. 'வாம்மா, என் மேலயே மனு போட்டுக்கிறீங்க, இன்னா எய்திக்கிதுன்னு நீயே படி, எல்லாரும் கேக்கட்டும்'னு கைல குடுத்தாரு."

"நீ என்ன பண்ணே?"

"மொத வரி வரைக்கும் போனேன். அப்புறம் எய்த்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு இருந்துச்சு. நின்னுட்டேன். ஒரு சாரு சிரிச்சாரு. பெருக்கச் சொல்ற டீச்சரும் சிரிச்சாங்க. அப்பதான் கேட்டுட்டேன்."

"என்னன்னு?"

"'இத என்னால படிக்க முடிஞ்சா, எங்கம்மா எதுக்கு சார் மனு போடுது?'ன்னு."

"அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"மனுவ என் கைலேந்து வாங்கி மடிச்சி வெச்சிக்கினாரு. வாய் ஜாஸ்தின்னு டீச்சர்தான் சொன்னாங்க." அதன் பிறகுதான் தண்ணீரைக் குடித்தாள்.

என்னிடம் இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அவள் போன பிறகு நான்தான் வெகுநேரம் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். ஒரு குழந்தைக்கு நடக்க முடியவில்லை என்று மனு கொடுத்தால், அதைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் ஓடிக் காட்டச் சொல்வார்களா? சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? எழுத்து விஷயத்தில் மட்டும் சிரிக்கலாம். அதுவும் கிழக்குப் பக்கத்துப் பிள்ளை என்றால் தாராளமாகச் சிரிக்கலாம்.

இரண்டு நாளில் அம்மாவுக்கு அழைப்பு வந்தது. பள்ளியின் தேர்ச்சி விகிதம் கெட்டுவிடுமாம். டி.சி. வாங்கிக்கொண்டு போய்த் தனித்தேர்வராக எழுதினால் பெண்ணுக்கும் நல்லது, பள்ளிக்கும் நல்லது என்று எடுத்துச் சொன்னார்களாம். நான் உடன் போகவில்லை, எனக்குத் தகவலே பிறகுதான் தெரியும். அம்மா அங்கே பேசியது ஒரே வரி. "டி.சி. வேணாம் சார். இத்தினி வருசம் உங்க ஸ்கூல பெருக்கிச்சே, பரிச்சையும் இங்கயே எய்தட்டும்."

தலைமையாசிரியர் ஒருவழியாக விண்ணப்பத்தை அனுப்பினார். கடைசித் தேதி முடிந்த பிறகு. 'காலம் கடந்து பெறப்பட்டது' என்று குறிப்பு எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டு. காலம் கடக்கும்வரை அதைத் தன் மேசையிலேயே வைத்திருந்தவர் யார் என்பதற்கு அந்தக் குறிப்பில் இடம் போதவில்லை போலிருக்கிறது. மீண்டும் எழுதினேன், தொலைபேசியில் பேசினேன், நேரில் போனேன். "பரிசீலனையில் இருக்கு" என்றார்கள். பரிசீலனை என்ற சொல்லை நானும் வேலைக் காலமெல்லாம் கேட்டவள்தான். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

பங்குனியில் பொதுத்தேர்வு. முதல் நாள் தேர்வு மையத்தின் வாசலில் நின்றிருந்தேன். கடைக்காரர் வீட்டுப் பையன் தனி அறைக்குப் போனான். அவன் சொல்ல எழுத ஓர் ஆசிரியர் காத்திருந்தார். நம் பெண் பொது அறைக்குப் போனாள். போகும்போது திரும்பி, "மேடம், வெயில்ல நிக்காதீங்க, நான் வர நேரமாவும்" என்றாள். வெளியே வந்தபோது முகம் சுருங்கியிருந்தது. "எல்லாம் தெரிஞ்ச கேள்விதான்" என்றாள்.

முடிவு வந்தது. மூன்று பாடங்களில் தோல்வி. பள்ளிப்பட்டிலிருந்து பாவாவின் அப்பா, அவளுடைய மாமா வந்து, எப்போது அனுப்பி வைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா எதுவும் பேசாமல் இருந்தாராம். அப்பா பேசாமல் இருந்ததுதான் தனக்குப் பயமாக இருந்தது என்று அவள் சொன்னாள். "எங்க நைனா எப்பவும் எனக்காகப் பேசும் மேடம். அன்னிக்குப் பேசல."

துணைத்தேர்வு இருந்தது. இந்த முறை நான் பள்ளிப் பக்கமே போகவில்லை. சான்றிதழையும் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு, அம்மாவையும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு, தேர்வுத் துறையின் அலுவலகத்துக்கே நேரில் போனேன். ஒரு பெரிய சண்டைக்குத் தயாராக, சட்டத்தின் நகலைப் பையில் வைத்திருந்தேன். பிரிவு உதவியாளர் தாள்களைப் புரட்டினார்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு. இத ஏன் மேடம் மார்ச்லயே குடுக்கல?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அதற்கு நியாயமாகப் பதில் சொல்வதென்றால் அந்த மனிதரின் சாப்பாட்டு நேரம் முழுவதும் போயிருக்கும். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றேன்.

"டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். டீ குடித்துவிட்டு வந்தோம். அனுமதி ஆகியிருந்தது. ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு, மற்ற இரண்டுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆசிரியர். பஸ்ஸில் திரும்பும்போது என் கோபம் இரண்டு மடங்காகியிருந்தது. கதவு பூட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். திறந்தே கிடந்த கதவின் முன்னால் ஒரு குழந்தையை ஒரு வருடம் நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்கள்.

தேர்வு முடிந்து அவளோடு வெளியே வந்த ஆசிரியர், விரல்களை நீவிக்கொண்டே வந்தார். "யாருங்க இந்தப் பொண்ணோட அம்மா? நான் ஒரு பதில் எழுதி முடிக்கிறதுக்குள்ள இவ அடுத்ததுக்குப் போயிட்றா. கொஞ்சம் மெதுவாப் பேசக் கத்துக் குடுங்க."

"வீட்லயும் இதே கதைதாங்க" என்றார் அம்மா. அந்த வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

தேர்ச்சி பெற்றாள். வேறு பள்ளியில் பதினோராம் வகுப்பில் சேர்ந்தாள். சேர்க்கை நாளில் சான்றிதழை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து நீட்டினாள். அங்கே வராந்தா பெருக்க ஆள் இருக்கிறதா என்று முதலிலேயே விசாரித்துவிட்டதாக என்னிடம் சொன்னாள். மாமா ஒரு முறை வந்து, அனுப்பி வைக்கும் பேச்சை எடுக்காமலே, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சீக்கிரமே கிளம்பிவிட்டாராம். அவளுடைய அப்பா மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார்.

இதற்குப் பிறகுதான் என் வீட்டு வாசலில் தபால்காரர் வந்து நின்றார். அந்த முதல் மனுவுக்குப் பதில். முறைப்படியான நடை, பிழையில்லாத தமிழ். 'மனுவில் குறிப்பிடப்பட்டுள்ள மாணவி தற்போது மேற்படி பள்ளியில் பயிலவில்லை எனத் தலைமையாசிரியர் அறிக்கை அளித்துள்ளார். எனவே மேல் நடவடிக்கை ஏதும் தேவைப்படாத நிலையில் மனு முடித்து வைக்கப்படுகிறது.' அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரியாத்தானே எய்திக்கிறாங்க மேடம், நான்தான் அங்க இல்லியே" என்றாள். அவளால் சிரிக்க முடிகிறது. என்னால் முடியவில்லை. இவள் தப்பித்ததற்குக் காரணம் சட்டம் இல்லை, ஓர் இ-சேவை மையத்தில் சர்வர் படுத்ததும், வேலையற்ற ஒரு கிழவி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும்தான். அப்படி யாரும் பக்கத்தில் உட்காராத பிள்ளைகள் இன்று எந்த வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம், வீட்டில் தனியாக இருக்கும்போதெல்லாம் என்னை எழுந்து நடக்க வைக்கிறது. அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அலுவலகப் பழக்கம் விடாமல், மனு போட்டு ஏழெட்டு மாதம் கழித்து அது கிடைத்த நாளை அதன் மேல் ஓரத்தில் குறித்துவைத்தேன்: ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்.